ஆதார் கேட்ட பார்: தஞ்சாவூரில் ஒரு ராத்திரி

"தம்பிகிட்ட ஆதார் இருக்கா சார்?" என்று பாரில் பணியாளர்களை மேற்பார்க்கிற கேப்டன் கேட்டதும் எங்கள் அத்தானின் முகம் சுருங்கிப்போனது. பதினான்கு வருடமாகச் சிங்கப்பூரில் உழைக்கிற மனிதர், ஒரு மாத விடுப்பில் வந்திருக்கிறார். மகனை எதிரே உட்கார வைத்து இரண்டு பேருமாக ஆளுக்கொரு கிளாஸ் பீர் குடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆறு மாதமாகப் போனில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் கூச்சத்தோடு செல்போனைத் திறந்து காட்டினான். கேப்டன் பிறந்த தேதியைப் பார்த்தார். "சார், தம்பிக்கு வர்ற ஜனவரியிலதான் 21 ஆகுது. கீழே ரெஸ்டாரண்ட்ல அம்மாவோட உட்காரட்டும். நான் ஆள் விட்டுக் கூட்டிட்டுப் போகச் சொல்றேன்" என்றார். குரல் உயரவில்லை, பக்கத்து மேசைக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் அதில் பேரம் பேச இடமே இல்லை.

அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் பாரில் 19 வருடம் வேலை பார்த்தேன். கிளாஸ் துடைப்பதில் தொடங்கி, ஸ்டூவர்ட், பார்மேன், கடைசி ஏழு வருடம் கேப்டன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பார் மூடியதும் நாச்சியார்கோவிலுக்குத் திரும்பிவிட்டேன். அப்பாவுக்குப் பிறகு பார்க்க ஆளில்லாமல் கிடந்த ஒன்பது மா நிலத்தில் குறுவை, தாளடி என்று இப்போது காலம் போகிறது. பார் பக்கம் போவது வருடத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. போனால் என் கண் ஊற்றுகிற கையையும் வாசல் கதவையும்தான் பார்க்கும். ஊற்றிக்கொடுக்க யாராலும் முடியும். யாருக்கு, எப்போது, எப்படி 'இல்லை' என்று சொல்கிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் ஒரு பாரை எடைபோடுவேன்.

தஞ்சாவூர் திருச்சி சாலையில் இருக்கிற ஒரு மூன்று நட்சத்திர ஹோட்டல் இது. பெயரைப் போடவில்லை. மதுவுக்கு விளம்பரம் செய்தவனாக நான் ஆகக் கூடாது. ஒரு பாருக்குள் நுழைந்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும்.

முதலில் மே 1-ஆம் தேதி போகலாம் என்றார் அத்தான். அவருடைய நண்பருக்கு அன்றைக்கு லீவு, கார் அவருடையது. "அன்னிக்கு எல்லா இடமும் மூடியிருக்கும் அத்தான்" என்றேன். நம் மாநிலத்தில் வருடத்தில் எட்டு நாள் மது விற்கக் கூடாது: திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாதுநபி, காந்தி ஜெயந்தி. டாஸ்மாக் கடைக்கு மட்டும்தான் இந்த லீவு, ஹோட்டல் பாருக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஹோட்டல் பார், மனமகிழ் மன்றங்களின் (கிளப்) பார் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு வரும். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு முன்னால் 48 மணி நேரமும் அப்படித்தான். சென்னையில் அந்த நாட்களில் பார் கதவைப் பூட்டிவிட்டு ஸ்டாக் எடுப்போம். அதனால் எனக்கு இந்தத் தேதிகள் மனப்பாடம்.

கடைசியில் வைகாசி பிறந்து ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். அக்காவும் என் மனைவியும் பெரிய கோயில் பார்க்க வேண்டும் என்றார்கள். சாயங்காலம் கோயில், ராத்திரி ஹோட்டல் என்று முடிவானது. பெண்கள் கீழே ரெஸ்டாரண்டில் உட்கார்ந்தார்கள். அத்தானுக்கு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று எண்ணம். "இங்கேயே கொண்டு வந்து குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். உரிமத்தில் காட்டிய இடத்தில்தான் பரிமாறலாம், ரெஸ்டாரண்டில் முடியாது என்று ரிசப்ஷனிலேயே சொல்லிவிட்டார்கள். அப்புறம் மாடிக்குப் போனோம்.

பார் வாசலில் கண்ணாடிச் சட்டம் போட்டு எஃப்.எல். 3 உரிமத்தின் நகல் மாட்டியிருந்தது. பக்கத்தில் திறக்கும் நேரம், மூடும் நேரம். அதற்குக் கீழே 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது இல்லை என்ற அறிவிப்பு, நல்ல பெரிய தமிழ் எழுத்தில். பல இடங்களில் இதை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டு, பூந்தொட்டிக்குப் பின்னால் மறைத்திருப்பார்கள். இங்கே மேலே ஒரு விளக்கு போட்டிருந்தார்கள்.

எஃப்.எல். 3 என்பது நட்சத்திர ஹோட்டலுக்குக் கொடுக்கிற உரிமம். எஃப்.எல். 2 மனமகிழ் மன்றங்களுக்கு. 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டத்தின் கீழ், 1981-இல் போட்ட உரிம விதிகளிலிருந்து வருகிற எண்கள் இவை. சட்டத்தின் பெயரே இன்னும் மதுவிலக்குச் சட்டம்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அடிப்படையில் மது கூடாது, இன்ன இடத்தில், இன்னாருக்கு, இன்ன நேரத்தில் மட்டும் விலக்கு என்பதுதான் அதன் போக்கு. பாரில் நிற்கிறவனுக்கு அது மனதில் இருந்தால் பாதித் தவறு நடக்காது. டாஸ்மாக் கடையை ஒட்டிய பார் வேறு வகை. அங்கே பார் நடத்துகிறவருக்குத் தின்பண்டம் விற்கவும் காலிப் புட்டிகளைச் சேகரிக்கவும்தான் அனுமதி. மதுவைக் கடையில்தான் வாங்க வேண்டும், பகல் 12 மணியிலிருந்து இரவு 10 மணிக்குள்.

உட்கார்ந்த உடனே இரண்டு தடவை 'இல்லை' கேட்டோம். முதலாவது ஆதார் விஷயம். இரண்டாவது, அத்தான் பையிலிருந்து எடுத்த புட்டி. சாங்கி விமான நிலையத்தில் வாங்கி, திருச்சியில் இறங்கிக் கொண்டுவந்தது. சுங்கத்தில் ஒருவர் இரண்டு லிட்டர் வரைக்கும் கொண்டுவரலாம், அதில் தப்பில்லை. "இதைத் திறந்து குடுங்க, கிளாஸுக்கும் சோடாவுக்கும் என்ன காசோ போட்டுக்கங்க" என்றார். கேப்டன் புட்டியைத் தொடக்கூட இல்லை. "வெளிப் புட்டி இங்கே திறக்கக் கூடாது சார். எங்க ஸ்டாக் முழுக்க டாஸ்மாக்ல எடுத்தது, ஒவ்வொண்ணும் ரிஜிஸ்டர்ல இருக்கு. ஆய்வுக்கு வந்து அரசு ஹாலோகிராம் ஸ்டிக்கர் இல்லாத புட்டி ஒண்ணு இருந்தாலும் எங்களுக்குப் பதில் இல்லை" என்றார். சரியான பதில். என் காலத்தில் நானும் இதையேதான் சொல்வேன். கலால் அதிகாரி வந்தால் முதலில் ஸ்டாக் ரிஜிஸ்டரைத்தான் கேட்பார். அதில் எழுதிய மில்லியும் ஷெல்ஃபில் இருக்கிற மில்லியும் ஒத்துப்போக வேண்டும்.

அத்தானுக்குக் கோபம் தணியவில்லை. "காரைக்கால் போயிருந்தா பதினெட்டே போதும். இந்நேரம் புள்ளையோட உட்கார்ந்திருப்பேன்" என்றார்.

அது உண்மை. நம் டெல்டாவில் வளர்கிற பையன்களுக்கு இது பெரிய குழப்பம். நாச்சியார்கோவிலிலிருந்து காரைக்கால் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், சட்டம் வேறு, வயது 18, வரி குறைவு, தெருவுக்குத் தெரு தனியார் கடை. இந்தப் பக்கம் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மூன்றும் தமிழ்நாடு, வயது 21. நண்டலாற்றிலும் வாஞ்சூரிலும் சோதனைச் சாவடி வைத்துப் பையைத் திறந்து பார்ப்பது இதற்காகத்தான். அந்தப் பக்கம் வாங்கிய புட்டியோடு இந்தப் பக்கம் வந்து மாட்டிக்கொண்டு வண்டியைப் பறிகொடுத்த பையன்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆனால் பத்தொன்பது வயதுப் பையன் பைக்கில் அங்கே போய்க் குடித்துவிட்டு ராத்திரியில் அதே சாலையில் திரும்பி வருகிறானே, அவன் கையில் புட்டி இருக்காது. அவனை எந்தச் சாவடியும் பையைத் திறந்து கண்டுபிடிக்க முடியாது. அத்தானிடம் இதைச் சொன்னேன். பதில் பேசாமல் மெனு அட்டையைத் திருப்பினார்.

இனி ஊற்றுகிற கைக்கு வருகிறேன்.

அத்தான் விஸ்கி லார்ஜ் சொன்னார், நான் ஒரு ஸ்மால் பிராந்தி, நண்பர் ஒரு ஸ்ட்ராங் பீர். பார்மேன் ஒரு இளைஞன், இருபத்தைந்து இருக்கலாம். புட்டியையும் வெறும் கிளாஸையும் பெக் அளவையையும் ட்ரேயில் வைத்து மேசைக்கே கொண்டுவந்தான். அளவையை மட்டமாகப் பிடித்தான், விளிம்பு வரைக்கும் நிரப்பினான், கிளாஸில் கவிழ்த்து ஒரு நொடி அப்படியே பிடித்தான். கடைசிச் சொட்டு விழுந்த பிறகுதான் ஐஸ் எவ்வளவு என்று கேட்டான். அளவையை வாங்கிப் பார்த்தேன், மறுக்காமல் கொடுத்தான். ஒரு பக்கம் ஸ்மாலுக்கு 30 மில்லி, மறுபக்கம் லார்ஜுக்கு 60. விளிம்புக்குக் கீழே எடையளவுத் துறையின் முத்திரை குத்தியிருந்தது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். 750 மில்லி புட்டியில் 30 மில்லி வீதம் ஊற்றினால் சரியாக 25 ஸ்மால் வரும். ஒவ்வொரு தடவையும் இரண்டே இரண்டு மில்லி குறைத்தால் கிட்டத்தட்ட 27 வரும். அந்த இரண்டு ஸ்மாலின் காசு எங்கே போகிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. குறைக்கிற வழிகளும் எனக்குத் தெரியும். முதலில் ஐஸைப் போட்டுவிட்டு அதன் மேல் ஊற்றினால் கண் ஏமாந்துபோகும். அளவையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் விளிம்பு வரைக்கும் வந்தது போலவே இருக்கும். கவுண்டருக்குப் பின்னால் ஊற்றிக்கொண்டு வந்தால் கேட்கவே வேண்டாம். நீங்கள் எங்கே போனாலும், "இங்கேயே அளந்து ஊத்துங்க" என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. நல்ல பார்மேன் அதற்கு முகம் சுளிக்க மாட்டான்.

அளவு காசுக்காக மட்டும் இல்லை. எவ்வளவு உள்ளே போனது என்று குடிக்கிறவருக்கே தெரிய வேண்டும். நம் ஊர் விஸ்கி, பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். 30 மில்லியில் ஏறக்குறைய பத்து கிராம் வரும். உடம்பு அதைக் கழிக்க ஒரு மணி நேரமாவது வேண்டும். "நான் பீர்தானே குடிச்சேன்" என்று அத்தானின் நண்பர் சொன்னாரே, அந்த 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் இருப்பது கிட்டத்தட்ட நான்கு ஸ்மாலுக்குச் சமம். பீர் லேசானது என்று நம்பி வண்டியை எடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் விட்டிருக்கிற எல்லை நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். தாண்டினால் முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் அபராதம், இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஒரு முழு ஸ்ட்ராங் பீர் குடித்தவர் உடனே வண்டி எடுத்தால் அந்த எல்லைக்குள் நிற்க வாய்ப்பே இல்லை.

சாப்பாடு பரவாயில்லை. விரால் வறுவல் நன்றாக இருந்தது, மிளகு தூக்கல். மசாலாக் கடலை நமுத்துப்போயிருந்தது. சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள்.

ஒன்பதரை மணி இருக்கும். எங்களுக்கு இடதுபக்க மேசையில் நான்கு பேர். அதில் ஒருவர் சத்தம் கூடிக்கொண்டே போனது. கிளாஸை வைக்கிறபோது மேசை விளிம்பு தெரியாமல் வைத்தார். இந்த அடையாளத்தைத்தான் பார்மேன்கள் முதலில் பார்ப்போம், பேச்சுக் குழறுவதற்கு முன்னாலேயே கை தூரம் தப்பும். அவர் கையைத் தூக்கி அடுத்த ரவுண்டு சொன்னார். பார்மேன் கேப்டனைப் பார்த்தான். கேப்டன் அந்த மேசைக்குப் போய், அவரிடம் பேசாமல், முதலில் நான்கு பேரில் தெளிவாக இருந்த ஒருவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அப்புறம் பெரிய ஜாடியில் தண்ணீர் வந்தது. பிறகு குடித்தவரின் பக்கத்தில் போய், "சார், கிச்சன்ல சூடா சாப்பாடு இருக்கு. முதல்ல சாப்பிடுங்க" என்றார். "நான் கேட்டது என்னாச்சு?" என்று அவர் குரலை உயர்த்தினார். "இன்னிக்கு இதோட போதும் சார். நாளைக்கு வாங்க, நானே ஊத்தறேன்" என்றார் கேப்டன். சிரித்த முகம், அசையாத கால். ஐந்து நிமிடம் சலசலப்பு. மேனேஜர் வந்து நின்றார். அவரும் கேப்டன் பக்கமே நின்றார், வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தக் கேப்டனைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 'இல்லை' சொல்கிற பணியாளருக்குப் பின்னால் மேனேஜர் நிற்காத இடத்தில் எந்த விதியும் ஒரு வாரம்கூடத் தாங்காது.

என் நெஞ்சில் இருக்கிற ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2009 மார்கழி. எங்கள் பாருக்குத் தினமும் வருகிறவர் ஒருவர். ஏழரைக்கு வருவார், இரண்டு லார்ஜ், எட்டே முக்காலுக்குக் கிளம்பிவிடுவார். அன்றைக்கு அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. மூன்றாவது கேட்டார், நான்காவது கேட்டார். நான் ஊற்றினேன். சந்தோஷமாக இருக்கிறவரிடம் எப்படி மறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறுகிற இடத்தில் பைக் சறுக்கியது. வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "நீங்க என்ன பண்ணுவீங்க, நான்தானே கேட்டேன்" என்றார். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது ஆறவில்லை. கேட்டது அவர், ஊற்றியது நான். போதை ஏறியவருக்கு மேலே ஊற்றாதே என்று தொழில் பழகிய முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அதனால்தான் போன ஐப்பசியில் பார்த்த இன்னொரு இடம் என்னை அவ்வளவு கலங்க வைத்தது. டெல்டாவில் ஒரு சிறு நகரம், ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். உரம் வாங்கப் போன இடத்தில் தெரிந்தவர் ஒருவர், "வாங்கண்ணே, பக்கத்துல மன்றம் இருக்கு" என்று கூட்டிப்போனார். பெயர் மனமகிழ் மன்றம். கேரம் போர்டு ஒன்று சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது, மேலே தூசி. எஃப்.எல். 2 உரிமம் உறுப்பினர்களுக்காக. உறுப்பினர் தன்னோடு அழைத்து வருகிற விருந்தினரை ஏட்டில் எழுத வேண்டும். அங்கே யாரும் என்னைப் பெயர் கேட்கவில்லை. ஏடு இல்லை. அளவையும் இல்லை, கண்ணளவில் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றினார்கள். பில் இல்லை. வாசல் பக்கத்து நாற்காலியில் ஒரு பையன், கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்கியபடி உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தான். அட்டையில் அவன் பிறந்த தேதியே அச்சாகியிருக்கும். அதைத் திருப்பிப் பார்க்க அந்த அறையில் ஒரு கை இல்லை. நான் ஒன்றும் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அவனிடம் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

எண் வேறாக இருந்தாலும் உரிமம் உரிமம்தான். சுவரில் மாட்டிய அதே மாதிரிக் காகிதம் அங்கேயும் இருந்தது.

சிலர் இந்த விதிகளெல்லாம் அதிகாரிகளுக்குக் காசு போக ஒரு வழி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விதி மாறினால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று நேரடியாகப் பட்டவன் நான். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டில் தொடங்கிய வழக்குதான் அது. கடைகளுக்கு மட்டுமா, பார்களுக்குமா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பார்களுக்கும் சேர்த்துத்தான் என்று 2017 மார்ச் 31 அன்று தெளிவுபடுத்தினார்கள். மறுநாள் ஏப்ரல் 1, எங்கள் பார் பூட்டு. ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இருக்கிற உரிமம் பெற்ற இடங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றம் விளக்கிய பிறகுதான் வேலைக்குத் திரும்பினேன். அந்த மாதங்களில் கடன் வாங்கித்தான் சாப்பிட்டோம். அப்போதும் அந்தத் தீர்ப்பு தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. கத்திப்பாரா எனக்கு ஞாபகம் இருந்தது.

2023-இல் எஃப்.எல். 12 என்ற சிறப்பு உரிமத்தின் கீழ் திருமண மண்டபத்திலும் மது பரிமாறலாம் என்று ஓர் அறிவிப்பு வந்ததே, எதிர்ப்பு எழுந்ததும் திருமண மண்டபங்களை நீக்கிவிட்டார்கள். நீக்கியது நல்லது. கல்யாண வீட்டில் மாமன் மச்சானுக்கு யார் 'போதும்' என்று சொல்வது? பெண்ணின் அப்பாவா? அங்கே கேப்டனும் இல்லை, அளவையும் இல்லை.

சரி, ஹோட்டலின் குறைகளையும் சொல்ல வேண்டும்.

பில்லில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. தனியாக, மதுவுக்கு வாட் தனியாகப் போட்டிருந்தது. அது சரி, குடிக்கிற மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் கீழே சர்வீஸ் சார்ஜ் என்று 5 சதவீதம், 312 ரூபாய் சேர்த்திருந்தார்கள். கேட்காமல் அதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சொன்னேன், உடனே எடுத்துவிட்டார்கள். சொல்லாதவர்களிடம் வாங்கிக்கொண்டுதானே இருப்பார்கள்? வயதில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறவர்கள் இதிலும் இருக்க வேண்டும். 312 ரூபாயை அந்தப் பார்மேன் பையன் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

பாரிலிருந்து கழிப்பறைக்குப் போகிற வழியில் மூன்று படி இறக்கம். அங்கே விளக்கு இல்லை, தரை ஈரம். குடித்தவர்கள் நடக்கிற இடத்தில் இப்படி வைக்கவே கூடாது. அன்றைக்கே இரண்டு பேர் தடுமாறினார்கள். மேனேஜரிடம் கூட்டிப்போய்க் காட்டினேன், குறித்துக்கொண்டார்.

குடிக்காதவருக்கு அந்த மெனுவில் கோலா, ஃப்ரெஷ் லைம், தண்ணீர், இவ்வளவுதான். பன்னீர் சோடா பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை கிடைக்கிற நம் பக்கத்தில் இது என்ன பட்டியல்? ஒரு கும்பல் வந்தால் அதில் ஒருவர் வண்டி ஓட்டக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். அவரை நன்றாகக் கவனித்தால்தான் அடுத்த தடவையும் அவர் அப்படி உட்காருவார்.

பத்தே கால் மணிக்குக் கேப்டன் ஒவ்வொரு மேசையாக வந்து, "பத்தரைக்கு லாஸ்ட் ஆர்டர் சார்" என்று சொன்னார். பல இடங்களில் மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது சொல்வார்கள், ஆளுக்கு இரண்டு லார்ஜாகச் சேர்த்துச் சொல்லி மடமடவென்று குடிப்பார்கள். முன்கூட்டியே சொன்னதால் எங்கள் மேசையில் யாரும் அவசரப்படவில்லை. அத்தான் இரண்டாவது லார்ஜோடு நிறுத்திக்கொண்டார்.

கிளம்புகிறபோது நண்பர் சாவியை எடுத்தார். கேப்டன் அதைப் பார்த்துவிட்டு, "சார், ஆக்டிங் டிரைவர் சொல்லட்டுமா? கீழேயே ரெண்டு பேர் இருக்காங்க" என்றார். ரிசப்ஷனில் ஆக்டிங் டிரைவர்களின் எண்களை எழுதியே வைத்திருக்கிறார்கள். நண்பர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். "நாலு வழிச் சாலைதானே, முக்கால் மணி நேரத்துல போயிடலாம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, கையை நீட்டினேன். சாவியைக் கொடுத்துவிட்டார். எழுநூறு ரூபாய் கேட்டு வந்த டிரைவர் அய்யம்பேட்டைக்காரர், நிதானமான ஆள். பாபநாசம் தாண்டுவதற்குள் பின் சீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நானும் டிரைவரும்தான் விழித்திருந்தோம். வாரக் கடைசியில் இந்த ஒரு ஹோட்டலிலிருந்து மட்டும் தனக்கு மூன்று சவாரி கிடைக்கும் என்றார்.

இடையில் அக்கா மகன் விழித்துக்கொண்டு, "மாமா, நெஜமாவே அவரு கேட்டது எனக்கு ஒண்ணும் அவமானமா இல்லை. அப்பாவுக்குத்தான் கஷ்டமாயிடுச்சு" என்றான். நான் அவன் தலையைத் தட்டிக்கொடுத்தேன்.

அத்தான் சிங்கப்பூர் திரும்பிவிட்டார். போன வாரம் பேசினார். தை மாதம் பத்து நாள் விடுப்புக்கு எழுதிக்கொடுத்திருக்கிறாராம். பொங்கலுக்குள் பையனுக்கு 21 முடிந்துவிடும். "அதே ஹோட்டல், அதே கேப்டன்கிட்ட போய் ஆதாரைக் காட்டணும் மச்சான். மாட்டுப் பொங்கல் அன்னிக்கு மேசை சொல்லிடு" என்றார். மாட்டுப் பொங்கல் தை 2, திருவள்ளுவர் தினம், பார் இருக்காது என்றேன். மறுநாளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று பேருக்கு மேசை, திரும்பி வர அய்யம்பேட்டை டிரைவர்.